முற்றத்துக்குத் தளம் போடும் முன் தண்ணீருக்கு வழி போடுங்கள்

முற்றத்துக்கு எந்தக் கல், என்ன நிறம் என்ற பேச்சு வீட்டில் வாரக்கணக்கில் ஓடும். மழைத் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வி மட்டும், கொத்தனார் நூல் கட்டுகிற அன்று காலையில்தான் எழும். அந்த நேரத்தில் அவரிடம் இருக்கிற பதில் ஒன்றே ஒன்று: "ஓரமா வாட்டம் விட்டுடலாம்." எந்த ஓரம், எவ்வளவு வாட்டம் (தண்ணீர் ஓடக் கொடுக்கும் சரிவு), ஓரத்துக்கு வந்த தண்ணீர் அதற்கப்புறம் எங்கே? இந்த மூன்றுக்கும் தாளில் பதில் எழுதும்வரை ஒரு வண்டி மணல்கூட இறக்க வேண்டாம். போட்டு முடித்த தளத்தில் வாட்டம் திருத்துவதென்றால் பெரும்பாலும் உடைப்பதுதான்.

கடைசிப் புள்ளியிலிருந்து பின்னோக்கி

வாசல்படியிலிருந்து கணக்கைத் தொடங்குவதுதான் வழக்கமான கோளாறு. பார்க்க அழகாக இருக்கும் உயரத்தில் தளத்தை நிறுத்திவிட்டு, மிச்சமிருக்கும் உயரத்தில் பைப்பை எப்படியாவது நுழைக்கப் பார்ப்பார்கள். தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தின் மட்டத்தை முதலில் எடுங்கள். அங்கிருந்து வீட்டை நோக்கி வாருங்கள்.

சேரும் இடம் என்று பார்த்தால் நான்குதான்: தாழ்வான தோட்ட மண், மழைநீர்க் கால்வாய், உறிஞ்சு குழி, சேமிப்புத் தொட்டி. செப்டிக் டேங்க் இந்தப் பட்டியலில் இல்லை. ஒரே பெருமழையில் டேங்க் நிரம்பி, படிந்திருக்கும் கசடு கலங்கி வெளியேறும். பிறகு கழிப்பறையில் தண்ணீர் இறங்காது. சாக்கடை லைனில் இணைப்பதும் அப்படியே. மழையில் அந்த லைன் நிரம்பினால் முற்றத்து ஜாலி வழியாகவே எதிர்த்து வரும். பக்கத்து மனைக்குள் திருப்பி விடலாம் என்ற யோசனையை எழும்போதே விட்டுவிடுங்கள்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். வீட்டுச் சுவரிலிருந்து வெளியே 15 அடி, சுவரோடு நீளவாக்கில் 20 அடி என்று 300 சதுர அடி முற்றம். சுவரை ஒட்டிய தள மட்டத்தைப் பூஜ்யம் என்று வையுங்கள். அறுபதுக்கு ஒன்று வாட்டம் கொடுத்தால் 15 அடியில் 3 அங்குலம், அதாவது சுமார் 75 மி.மீ. இறங்கும். அந்த விளிம்பில் வாய்க்கால் பதித்தால், அதன் வெளியேறும் வாயின் அடிமட்டம் இன்னும் 150 மி.மீ. கீழே, மொத்தம் 225. அங்கிருந்து 10 மீட்டர் தூரம் பைப், நூறுக்கு ஒன்று சரிவு என்றால் 100 மி.மீ. சேருகிறது. ஆக பைப்பின் கடைசி வாய் 325 மி.மீ., கிட்டத்தட்ட 13 அங்குலம் கீழே நிற்கும். சேரும் இடம் அதைவிடத் தாழ்வாக இருந்தால்தான் திட்டம் நடக்கும்.

கால்வாய்க்கு விடுவதாக இருந்தால், வெயில் நாளில் அதன் அடித்தளத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். அடை மழையில் அதில் தண்ணீர் எந்த உயரத்தில் ஓடுகிறது என்று பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் வர வேண்டியது அந்தக் கோடுதான். கோடு பைப் வாயைவிட மேலே இருந்தால், மழை வலுக்கும் அந்த நேரத்தில்தான் பைப் வேலை செய்யாமல் போகும். வாயில் ஃபிளாப் வால்வு மாட்டினால் வெளித் தண்ணீர் உள்ளே வராது, உண்மை. முற்றத்துத் தண்ணீரும் அதுவரை வெளியே போகாது.

மேல் பக்கத்திலும் ஓர் எல்லை இருக்கிறது. வீட்டின் உள்தளத்தைவிட, சரியாகச் சொன்னால் சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கும் டி.பி.சி. பட்டையைவிட, முற்றம் குறைந்தது 150 மி.மீ. (6 அங்குலம்) கீழே இருக்க வேண்டும். மழைத்துளி தளத்தில் விழுந்து தெறிக்கும் உயரத்தை மனதில் வைத்து வந்த அளவு அது. உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டமாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஆசைப்பட்டுப் படியை எடுத்துவிட்டால், சுவரின் அடியில் பெயின்ட் உப்பி உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வயதானவர்களுக்காகவோ சக்கர நாற்காலிக்காகவோ படி இல்லாமல் வேண்டுமென்றால், கதவு வரும் இடத்தில் மட்டும் தளத்தை உயர்த்தி, வாசலை ஒட்டி ஜாலி வாய்க்கால் ஒன்று தனியாக வையுங்கள்.

இந்த உயரங்கள் மனையில் கிடைக்கவில்லையா? வாட்டத்தைச் சுருக்காதீர்கள், தூரத்தைச் சுருக்குங்கள். 20 அடி நீளத்தின் நடுவில் மேடு வைத்து இருபக்கமும் 10 அடி வீதம் இறக்கினால், விழ வேண்டிய உயரம் 2 அங்குலம்தான். அல்லது பைப்பே இல்லாமல் விளிம்பிலிருந்து நேராகத் தோட்ட மண்ணில் பரவ விடலாம். மண்ணும் இடமும் இருந்தால் இதைவிடச் சிறந்த வடிகால் கிடையாது. அடைக்க எதுவும் இல்லை. பம்பு வைப்பது கடைசி வழி. கரண்ட் போவதும் பெருமழை வருவதும் ஒரே நேரத்தில்தான் நடக்கும்.

எவ்வளவு தண்ணீர்

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். இதை வைத்து எல்லாவற்றையும் கணக்கிடலாம். நம் 300 சதுர அடி சுமார் 28 சதுர மீட்டர். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் அடித்துப் பெய்தால் மணிக்கு 2,800 லிட்டர். நிமிடத்துக்கு 47 லிட்டர் அளவு. நான்கு அங்குல பி.வி.சி. பைப், நூறுக்கு ஒன்று சரிவில், நிரம்பி ஓடும்போது நொடிக்கே 5 லிட்டருக்கு மேல் கடத்தும். முற்றத்து மழைக்கு இது பல மடங்கு. அப்படியானால் 3 அங்குலம் போதாதா என்றால், தண்ணீருக்குப் போதும். இலைக்கும் மணலுக்கும் போதாது. நான்கு அங்குலம் போடுவது அடைப்பை மனதில் வைத்துத்தான்.

ஆனால் கணக்கைக் கவிழ்ப்பது பெரும்பாலும் மொட்டைமாடித் தண்ணீர். 60 சதுர மீட்டர் மாடியின் குழாய் முற்றத்தில் வந்து கொட்டினால் அதே மழையில் நிமிடத்துக்கு இன்னும் 100 லிட்டர், அதுவும் ஒரே இடத்தில். முற்றத்தின் சொந்தத் தண்ணீரைப்போல இரண்டு மடங்கு. குழாய் கொட்டும் இடத்தில் இணைப்புகளிலிருந்து மணல் கரைந்து, கீழே குழி விழுந்து, கல் ஆட ஆரம்பிக்கும். மாடிக் குழாயைத் தளத்துக்கு அடியில் தனிப் பைப்பாகக் கொண்டுபோய்ச் சேம்பரில், அதாவது பைப்புகள் வந்து கூடும் மூடி போட்ட சிறு தொட்டியில், சேர்த்துவிடுங்கள். தளம் போட்ட பிறகு இதைச் செய்ய முடியாது என்பதால், எந்தெந்தக் குழாய் எங்கே இறங்குகிறது என்று வீட்டைச் சுற்றி நடந்து எண்ணிவிடுங்கள். ஏசி தண்ணீர்க் குழாய், வெளிக் குழாயடி, தண்ணீர்த் தொட்டியின் வழிகுழாய் எல்லாம் சேர்த்து.

வாட்டம்

10 அடிக்கு 2 அங்குலம். அறுபதுக்கு ஒன்று என்பதைத் தளத்தில் நின்று சொல்லும் முறை இது. சொரசொரப்பான கல், பேவர் பிளாக் எல்லாவற்றுக்கும் இதையே பிடித்துக்கொள்ளலாம். வழுவழுப்பாக முடித்த கான்கிரீட்டுக்கு 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் போதும். ஒன்றேகாலுக்குக் கீழே வந்தால் தண்ணீர் ஓடும் என்று காகிதம் சொல்லும். கல்லுக்குக் கல் வரும் இரண்டொரு மி.மீ. ஏற்ற இறக்கமே அந்த வாட்டத்தை விழுங்கிவிடும். 10 அடிக்கு 3 அங்குலத்துக்கு மேலே போனால் போட்ட நாற்காலியும் மேசையும் சாய்ந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும்.

வாட்டத்தை ஒரே திசையில் கொடுங்கள், வீட்டை விட்டு வெளியே. முற்றத்தின் நடுவில் ஒரு ஜாலி வைத்து நான்கு பக்கமும் அதை நோக்கி இறக்குவது குளியலறைப் பழக்கம். இரண்டடிக்கு இரண்டடிக் கல்லை அப்படி மடக்க முடியாது. மூலைவிட்டக் கோட்டில் கல்லை வெட்டியாக வேண்டும், இல்லையென்றால் முனை தூக்கிக் காலில் தட்டும். தவிர, அந்த ஒற்றை ஜாலி ஓர் இலையால் மூடிக்கொண்டால் முற்றம் முழுவதும் தொட்டியாகிவிடும். விளிம்பு முழுக்க நீளும் வாய்க்காலில் ஓரிடம் அடைத்தாலும் பக்கத்தில் வழி இருக்கும்.

சில மனைகளில் நிலம் வீட்டை நோக்கியே சரிந்திருக்கும். அப்போது மேட்டுப் பக்கத்து நிலத்தின் தண்ணீரையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டும். தளத்தின் மேட்டோரத்தில், தண்ணீர் தளத்துக்குள் நுழையும் முன்பே பிடித்துத் திருப்பும் ஜல்லி வடிகால் ஒன்று தேவை. ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழம் பள்ளம். உள்ளே ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரித்து, இரண்டு அங்குலம் கழுவிய முக்கால் அங்குல ஜல்லி, அதன்மேல் துளைப் பைப், துளைகள் கீழ்ப்பக்கம் பார்க்க. மேலே மறுபடி ஜல்லி, கடைசியில் துணியை மடித்து மூடி மேலே சிறிது மண். துளை மேலே பார்த்தால் மண் உள்ளே விழும். கீழே பார்த்தால் பள்ளத்தில் ஏறிவரும் தண்ணீர் பைப்புக்குள் நுழைந்து ஓடிவிடும். துணியைப் பைப்பின்மேல் மட்டும் சுற்றினால் போதும் என்பவர்கள் உண்டு. களிமண்ணில் அப்படிச் செய்தால் ஜல்லிக்குள் சேறு நிறைந்துவிடும், பைப் சுத்தமாக இருந்து பயனில்லை.

மட்டம் எடுக்கும்போது

இரண்டடி ரசமட்டத்தை வைத்து 15 அடிக்கு வாட்டம் பார்க்கக் கூடாது. குமிழி ஒரு மயிரிழை நகர்ந்தது தூரம் போகப் போக அரை அங்குலமாகும். டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய நீளமான தெளிந்த பிளாஸ்டிக் குழாய், போதும். செலவும் இல்லை, சரியாகப் பிடித்தால் பொய்யும் சொல்லாது. ஆனால் பிடிக்கும் விதம் இருக்கிறது. டியூபுக்குள் காற்றுக்குமிழி ஒன்றுகூட நிற்கக் கூடாது. வாளித் தண்ணீரிலிருந்து உறிஞ்சி நிரப்பி, முழு நீளத்தையும் தரையில் நீட்டி விரலால் தட்டிக்கொண்டே வந்து குமிழிகளை வெளியேற்றுங்கள். முதலில் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துத் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால்தான் வேலையைத் தொடங்கலாம். படிக்கும்போது இரு முனையும் திறந்திருக்க வேண்டும். சிந்திவிடுமே என்று ஒருவர் கட்டைவிரலால் மூடிப் பிடித்திருந்தால் வரும் மட்டம் தப்பு. டியூபில் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் வெகுநேரம் கிடந்தாலும் சிறு வித்தியாசம் வரும், காலையிலேயே எடுத்துவிடுவது நல்லது.

வீட்டுச் சுவரில் சுற்றிலும் ஒரே மட்டக் கோடு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்பில் அல்ல, அழியாத மார்க்கரில். வெளி விளிம்பில் ஐந்தடிக்கு ஒரு முளை அடித்து, அதே மட்டத்தை அதில் எடுத்து, அங்கிருந்து 3 அங்குலம் கீழே குறி. சுவர்க் கோட்டுக்கும் முளைக் குறிக்கும் நூல் இழுத்தால் தளத்தின் வாட்டம் கண்முன் நிற்கும். நூல் நடுவில் தொய்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். பூச்சும் கல்லும் சேர்ந்த கடைசி மட்டம் எது, மண்ணைத் தோண்டும் மட்டம் எது என்பது கொத்தனாருக்கும் உங்களுக்கும் ஒரே மாதிரி புரிந்திருக்க வேண்டும். கல்லின் கனம் 60 மி.மீ., மணல் 30, கிராவல் 150 என்றால் தோண்ட வேண்டியது நூலிலிருந்து 240 மி.மீ. கீழே, வாட்டத்தோடு.

அடித்தளம் இறங்கினால் வாட்டம் திரும்பும்

புது வீட்டு முற்றத்தில் மூன்றாவது மழைக்காலத்தில் தண்ணீர் சுவரோரம் தேங்கினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கொத்தனாரின் வாட்டத்தை அல்ல. கடைக்கால் எடுக்கச் சுவரைச் சுற்றி மூன்று நான்கு அடி அகலத்துக்குத் தோண்டியிருப்பார்கள். வேலை முடிந்ததும் அதே மண்ணை, செங்கல் துண்டு, சிமெண்ட் பை சகிதம், தளர்வாகத் தள்ளி மூடியிருப்பார்கள். அந்த மண் ஈரம் பட்டு வருடக்கணக்கில் மெல்ல இறங்கும். மூன்றடிக்கு அப்பால் இருப்பது தோண்டாத கெட்டி மண், அது இறங்காது. இறங்குவது சுவரோரம் மட்டும். போட்ட வாட்டம் அங்கே தலைகீழாகத் திரும்பி, தண்ணீர் நேராகக் கடைக்காலுக்குப் போகும்.

அந்த நிரப்பு மண்ணைக் கட்டடக் கழிவு முழுவதும் தீரும்வரை தோண்டி எடுத்துவிட்டு, ஆறு அங்குல அடுக்காகக் கிராவல் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் லேசாக நனைத்து, தட்டும் மெஷினால் இறுக்கிக்கொண்டு வர வேண்டும். முழுக் குழியையும் நிரப்பிவிட்டு மேலே மட்டும் தட்டினால் கீழ்ப்பாதி தளர்வாகவே இருக்கும். தண்ணீரை நிரப்பி விட்டால் தானே அமுங்கும் என்பது மணலுக்கு ஓரளவு சரி. களிமண்ணுக்குச் செய்தால் சேறுதான் மிஞ்சும். அவசரமில்லை என்றால் ஒரு மழைக்காலம் தாண்டவிட்டுத் தளம் போடுவது எல்லாவற்றையும்விட மலிவான இறுக்கம்.

கிராவல் அடுக்கு 4 முதல் 6 அங்குலம். களிமண்ணாக இருந்தால் அடியில் ஜியோடெக்ஸ்டைல் துணி. இல்லாவிட்டால் ஈரக் களி மேலே ஏறிக் கிராவலோடு கலந்துவிடும். வாட்டம் இந்தக் கிராவல் மட்டத்திலேயே வந்துவிட வேண்டும். மட்டமாகக் கிராவல் போட்டுவிட்டு மணலில் வாட்டம் பிடிக்கிற வேலை நிறைய நடக்கிறது. ஒரு பக்கம் ஓர் அங்குலம் மணல், மறுபக்கம் நான்கு அங்குலம். மணல் கனமாக இருக்கும் இடம் அதிகம் இறங்கும். இரண்டு வருடத்தில் அங்கே தட்டுத் தட்டாகத் தண்ணீர் நிற்கும். மணல் எல்லா இடத்திலும் ஒரே கனம், ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

பேவர் பிளாக் போடுகிறவர்கள் தவறவிடும் இன்னொன்று: இணைப்புகள் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் கீழே இறங்கும். அது மணலுக்குள்ளேயே வாட்டத்தோடு நகர்ந்து வெளி விளிம்புக்கு வரும். அங்கே கான்கிரீட் கட்டையோ வாய்க்காலின் பக்கக் கான்கிரீட்டோ அணைபோல நின்றால் மணல் சொதசொதவென்று ஊறிக் கிடக்கும். விளிம்போரக் கற்கள் மிதித்தால் இணைப்பில் சேறு பீச்சும், பாசி முதலில் அங்கேதான் பிடிக்கும். அந்தக் கான்கிரீட்டில் மணல் மட்டத்தில் மூன்றடிக்கு ஒன்றாக அரை அங்குலப் பைப்புத் துண்டு வைத்து, மணல் வராமல் உள்வாயில் துணி ஒட்டிவிட்டால் தீர்ந்தது. வார்த்த பிறகு துளைப்பது தேவையற்ற வேலை.

தண்ணீரைத் தளத்தின் வழியாகவே மண்ணுக்குள் விடுகிற ஊடுருவும் பேவர் வேண்டுமென்றால் மேலே சொன்ன கிராவலும் மணலும் ஆகாது. தூள் இல்லாத ஜல்லி அடுக்கு, அதன்மேல் மணலுக்குப் பதில் கால் அங்குலத்துக்கு உட்பட்ட கல் சிப்ஸ், இணைப்புகளிலும் அதே சிப்ஸ். பழக்கதோஷத்தில் யாராவது ஒரு மூட்டை கிரஷர் தூளை மேலே தூவிக் கூட்டிவிட்டால் அத்தனையும் அடைந்துபோகும். ஊறாத களிமண் உள்ள இடத்தில் இதைத் தனியாக நம்ப வேண்டாம்.

சுவருக்கும் தளத்துக்கும் நடுவே அரை அங்குல இடைவெளி விட்டு, தெர்மோகோல் பட்டை வைத்து, மேலே நெகிழும் சீலன்ட் பூசுங்கள். சிமெண்ட் கலவையால் மூடினால் முதல் வெயிலிலேயே விரிசல் விட்டு, மழைக்கு அது நேரான வழியாகிவிடும்.

வாய்க்கால், பைப், சேம்பர்

ஒரு மீட்டர் நீளத் துண்டுகளாக வரும் 4 அங்குல அகல ரெடிமேட் வாய்க்கால் வீட்டு முற்றத்துக்குத் தாராளம். ஜாலி தாங்கும் சுமைக்குத் தரம் உண்டு: ஆட்கள் மட்டும் நடக்கும் இடத்துக்கு ஏ15 தரம் போதும். கார் ஏறினால் பி125 ஜாலி வேண்டும். பதிக்கும்போது அடியிலும் இரு பக்கமும் 4 அங்குலம் கான்கிரீட். பிளாஸ்டிக் வாய்க்காலில் ஜாலியைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கக் கான்கிரீட்டைக் கொட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் கூத்து. ஈரக் கான்கிரீட்டின் அழுத்தத்தில் பக்கச் சுவர் இரண்டு மூன்று மி.மீ. உள்ளே வளையும், மறுநாள் ஜாலி உள்ளே உட்காராது. சுத்தியலால் அடித்து உட்கார வைத்தால் பிறகு சுத்தம் செய்ய யாராலும் கழற்ற முடியாது. ஜாலியைப் பாலித்தீன் சுற்றி அதன் இடத்திலேயே மாட்டிவிட்டுக் கான்கிரீட் போடுங்கள்.

ஜாலியின் மேல்மட்டம் பக்கத்துக் கல்லைவிட 3 மி.மீ. தாழ்வாக இருக்கட்டும். சமமாக வைத்தால் கல் சற்று இறங்கியதும் ஜாலி துருத்திக்கொண்டு தண்ணீரைத் தடுக்கும். ஆறு மீட்டருக்கு மேல் நீளம் போனால், வாய்க்காலின் அடி மட்டமாக இருந்தாலும் ஓடும்தான், ஆனால் மணல் தங்கும். வெளியேறும் பக்கம் லேசான சரிவு கொடுங்கள், அல்லது வெளியேறும் வாயை நடுவில் வையுங்கள். கடைசியில் மண் பிடிக்கும் பெட்டி இல்லாமல் நேராகப் பைப்பில் இணைக்கவே கூடாது.

பைப்புக்கு நூறுக்கு ஒன்று முதல் நாற்பதுக்கு ஒன்று வரை சரிவு. பள்ளத்தின் அடியில் 3 அங்குலம் மணல் விரித்து, பைப் முழு நீளமும் மணலில் படிய வேண்டும். செங்கல் துண்டு முட்டுக் கொடுத்து மட்டம் பிடித்தால் நடுவில் தொய்யும், தொய்ந்த இடத்தில் சேறு தங்கும். திருப்பத்தில் 90 டிகிரி எல்போ வேண்டாம். இரண்டு 45 டிகிரி பெண்ட் போடுங்கள், அல்லது சேம்பர் கட்டுங்கள். கம்பியோ ராடோ விட்டு எடுக்க முடியாத பைப் நீளம் எங்கும் இருக்கக் கூடாது. மாடிக் குழாய் இறங்கும் இடத்தில் டோர் பெண்ட் (திறக்கும் மூடி உள்ள வளைவு) வைப்பதும் இதற்குத்தான். சேம்பரின் அடி, வெளியேறும் பைப்பின் வாயைவிட 6 அங்குலம் ஆழமாக இருந்தால் மணல் அங்கே தங்கிவிடும், கரண்டியால் அள்ளலாம். கொசு முட்டையிடாமல் இருக்க மூடி இறுக்கமாக இருக்கட்டும். பைப்பின் கடைசி வாயில் எலி நுழையாத கம்பி வலை அவசியம்.

கடைக்காலின் அடிமட்டத்துக்குக் கீழே போகும் எந்தப் பள்ளத்தையும் சுவரை ஒட்டித் தோண்டாதீர்கள்.

மூடும் முன் ஒவ்வொரு வளைவிலும் அளவு நாடாவை வைத்து, வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று படம் எடுத்து வையுங்கள். பிற்பாடு மரம் நடவோ கேட் தூண் போடவோ தோண்டும்போது தேவைப்படும்.

உறிஞ்சு குழியின் கணக்கு

இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள். மூன்றடிக் குழி தோண்டி ஜல்லியால் நிரப்பினால் வடிகால் ஆகிவிட்டது என்ற நினைப்பு. ஜல்லிக்கு நடுவே காலி இடம் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு கன மீட்டர் குழியில் நிற்கும் தண்ணீர் 350 லிட்டர் அளவு. நம் முற்றத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் 1,400 லிட்டர் வரும். அந்தக் குழி 12 மி.மீ. மழையிலேயே நிரம்பிவிடும். ஜல்லிக் குழிதான் என்றால் பைப் வாய்க்குக் கீழே 4 கன மீட்டர் வேண்டும். துளை போட்ட சிமெண்ட் உறை இறக்கினால் உள்ளே முழுவதும் காலி: நான்கடி விட்டம், பைப் வாய்க்குக் கீழே ஐந்தடி ஆழம் என்றால் 1,700 லிட்டருக்கு மேல் கொள்ளும். உறையைச் சுற்றி ஆறு அங்குலம் ஜல்லி, அதற்கு வெளியே துணி. மாடித் தண்ணீரும் அதே குழிக்கு வருகிறது என்றால் அதற்கும் தனியாகக் கணக்கிட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

குழியின் அளவைவிட மண் முக்கியம். குழி வரப்போகும் ஆழத்துக்குத் தோண்டி, அதன் அடியில் ஓரடிக்கு ஓரடி, ஓரடி ஆழத்தில் சிறு குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். முதல் தண்ணீரைக் கணக்கில் எடுக்க வேண்டாம், காய்ந்த மண் எதையும் குடிக்கும். மறுநாள் மறுபடி நிரப்பி, தண்ணீர் 9 அங்குலத்திலிருந்து 3 அங்குலத்துக்கு இறங்க எவ்வளவு நேரம் என்று பாருங்கள். மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் இறங்கினால் நல்ல மண். நான்கு மணியைத் தாண்டினால் குழியை மட்டும் நம்ப முடியாது, வழிந்து போக மாற்று வழி வேண்டும். விடிந்தும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். இதைக் கோடையில் செய்து மகிழ வேண்டாம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் குழியின் அடிவரை ஏறுகிற மனை என்றால் குழி ஏற்கனவே நிரம்பித்தான் இருக்கும். வீட்டுச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி, பக்கத்து வீட்டுச் சுவரையும் கணக்கில் எடுத்து இடம் தேர்ந்தெடுங்கள்.

கல் பதிக்கும் முன், பதித்த பின்

கிராவல் மட்டம் முடிந்ததும், மணல் போடும் முன், நீண்ட மட்டப்பலகையை ஒவ்வோர் ஐந்தடிக்கும் வைத்துப் பாருங்கள். ஹோஸைச் சேம்பரில் விட்டு முழு வேகத்தில் கால் மணி நேரம் திறந்து, கடைசி வாயில் எப்படி வருகிறது என்று பாருங்கள். சொல்யூஷன் ஒட்டாத இணைப்பு, உள்ளே விழுந்த கல், தலைகீழ்ச் சரிவு எல்லாம் இப்போதே தெரிந்துவிடும். கல் பதித்த பிறகு தளத்தின் மேட்டோரத்தில் இரண்டு மூன்று வாளித் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றி, அரை மணி கழித்து எங்கே நிற்கிறது என்று சாக்பீஸால் வட்டம் போடுங்கள். 3 மி.மீ.க்குக் கீழே நிற்பது பரவாயில்லை, வெயிலில் காயும். அதற்கு மேல் என்றால், இணைப்பு அடைக்கும் முன் அந்தக் கற்களைத் தூக்கி மறுபடி பதிக்கச் சொல்லுங்கள். கடைசித் தவணையைக் கொடுத்த பிறகு இதைக் கேட்பதில் பலனில்லை.

தளம் ஏற்கனவே போட்டாகிவிட்டது, வீட்டை நோக்கி வாட்டம் விழுந்திருக்கிறது என்றால் மேலே கலவை பூசி வாட்டம் திருப்பும் யோசனைக்கு இறங்காதீர்கள். ஓரத்தில் கனம் குறைந்து கலவை சிலும்பும், சுவரோரம் உயர்ந்து டி.பி.சி.யை மூடும். பேவர் என்றால் எடுத்துத் திரும்பப் பதிக்கலாம், கற்கள் வீணாகாது. கான்கிரீட் என்றால், சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் கட்டிங் மெஷினால் எட்டு முதல் பத்து அங்குல அகலத்துக்கு இரண்டு கோடு வெட்டி, நடுப்பட்டையை உடைத்தெடுத்து, அங்கே ஜாலி வாய்க்கால் பதியுங்கள். வாய்க்காலுக்கும் சுவருக்கும் நடுவே மிஞ்சும் ஓரடிப் பட்டையை வாய்க்காலை நோக்கிச் சரித்துவிட வேண்டும். வெட்டும் முன் அடியில் பைப்போ கேபிளோ போகிறதா என்று, எடுத்து வைத்த படம் இருந்தால் அதைப் பார்த்து, இல்லையென்றால் சேம்பர் மூடிகளைத் திறந்து திசை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.